முத்திரைக்குக் குடை பிடித்த ஊர்

மழை பொழிக. பொழிந்த மழை உயிர் கொள்ளாது போகுக.

வெண்கோட்டை மாநகரத்தே நாரைக்கொடி நிழலில் வீற்றிருந்து, மேற்கே மலையும் கிழக்கே கடலும் எல்லையாகக் கோட்டங்கள் யாவற்றையும் புரந்தருளும் மாவளக்கோ பெருமானடிகளின் திருமுன்பு, மேலைக் கோட்டத்துப் பெருவாயூர்ச் சபையார் வணங்கி விடுக்கும் ஓலை. அரண்மனையில் நலம் நிலைக்க. நகரத்துக் குளங்கள் கரை உடையாது நிற்க. தங்கள் மக்கள் தங்கள் கண் முன்னே வாழ்க.

இதனை அவையில் வாசிக்கும் தலைமை அமைச்சர் மதிவரையனார் ஒரு சொல்லும் விடாமல் வாசிக்கக் கடவர். இதில் வரும் சில பேச்சுகள் அவைக்கு ஏற்றவை அல்ல. அவற்றைச் செப்பம் செய்தால் பேசியவர்கள் வேறு யாரோ ஆகிவிடுவார்கள் என்பதால், பேசியபடியே எழுதியிருக்கிறேன்.

எழுதுபவள், ஏரி வாரியத் தலைவராய் இருந்த குணவனின் மனைவி சேந்தி. சபையார் என்று மேலே எழுதினேன். அச்சொல் இன்று யாரைக் குறிக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். பழைய சபையில் அமர்ந்திருந்த பெருமக்களுள் ஒருவரும் இன்றில்லை. எஞ்சியவர்கள் கூடிப் புதிய சபை அமைத்தபோது எழுத்தறிந்தவள் நான் ஒருத்தியே இருந்தேன். ஊர் ஓலைகள் யாவும் நீரோடு போயின. ஆகவே தங்கள் பழைய ஆணைகளை நினைவிலிருந்தே குறிக்கிறேன். வந்த ஆணைகளை எல்லாம் ஊர்க் கூட்டத்தில் வாசித்தவள் நானே ஆதலால், அவற்றின் சொற்கள் எனக்கு மறக்கவில்லை.

செய்தி இது. தங்கள் முத்திரையாளர் எயினங்கோ எங்கள் ஊருக்கு வந்திருக்கிறார். பட்டுப் பரிவட்டம் ஒன்றும், நாரை முத்திரையும், தங்கள் ஓலையும் கொண்டு வந்தார். சென்ற கார்த்திகைப் பெருவெள்ளத்தில் ஏரிக்கரை முழுதும் அழிந்தபோதும் பெருமதகின் அரச முத்திரை சிதையாது இருந்ததைக் கேட்டு அரசர் உவந்தார் என்றும், அதனால் பெருவாயூர் இனி ‘ஆணை காத்த நல்லூர்’ என வழங்கப்பெறும் என்றும், கரை கட்டுவதற்காகத் திறந்த அப்பெருமதகுக்கு இம்மழைக்கு முன் மீண்டும் முத்திரை இடப்பெறும் என்றும் அவ்வோலையில் இருந்தது.

அவர் வாசித்து முடித்தார். பிறகு குயவர் நல்லான் எழுந்தார். “இன்னொரு தடவ வாசிங்க சாமி. வெள்ளத்துல காதுல தண்ணி போனதுலேருந்து எனக்கு எதுவும் சரியாக் கேக்கறதில்ல” என்றார். முத்திரையாளர் மறுபடியும் வாசித்தார். சொற்கள் மாறவில்லை. நல்லான் உட்கார்ந்துவிட்டார்.

அரசே, நாங்கள் சினந்து எழுதவில்லை. சினம் வர வேண்டிய இடத்தில் இன்னும் திகைப்புத்தான் இருக்கிறது. அந்த ஓலை வேறோர் ஊருக்கு எழுதப்பட்டு வழிதவறி எங்களிடம் வந்துவிட்டதோ என்றுகூட ஒரு நொடி எண்ணினேன். ஊர்ப் பெயரை நானே வாங்கிப் பார்த்தேன். எங்கள் ஊர்தான்.

முத்திரை எங்களுக்குப் பகையாக வந்ததன்று. அதையும் மறைக்காமல் எழுதுவதே முறை. முன்னொரு காலத்தில் மதகடியை ஒட்டிய நிலம் உடையவர்கள் தங்களுக்கு வேண்டியபோது பலகையைத் தூக்கி நீரைப் பாய்ச்சிக்கொண்டார்கள். கடைமடை வயல்கள் வெடித்துக் கிடந்தன. நீர் கேட்டுப் போனவர்கள் அடிபட்டுத் திரும்பினார்கள். அப்போதுதான் தங்கள் தந்தையார், நாட்டிலுள்ள மதகு அனைத்தையும் சங்கிலியால் பிணித்து, முடிச்சின்மேல் களிமண் அப்பி, நாரை முத்திரை இடச் செய்தார். பாசனக் காலத்தில் முத்திரையாளர் வந்து, ஊரார் முன் உடைத்து, முறை வைத்து நீர் விட்டு, மறுபடியும் முத்திரையிட்டுப் போவார். கடைமடைக்கும் நீர் வந்தது. முதல் முறை நீர் வந்த அன்று கடைமடையார் அந்தக் களிமண்ணுக்கு மாலை சூட்டியதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் மதகு அனைத்தும் என்று எழுதியவர்கள், வயலுக்கு நீர் விடும் சிறுமதகையும், மிகுவெள்ளத்தை ஆற்றுக்குத் தள்ளும் பெருமதகையும் பிரித்து எழுதவில்லை. எங்களுக்கும் அப்போது அது தோன்றவில்லை. முத்திரையை உடைத்தவன் கை வெட்டப்படும்; உடைத்த ஊர் மறு ஆண்டு நீர்முறையை இழக்கும்; முத்திரை கரைந்தாலும் உடைந்ததற்கு ஒப்பாகும் என்பது ஆணை. அந்தக் கடைசி வரியைக் கூட்டத்தில் வாசித்தபோது மதகின்மேல் ஒரு சிறு கூரை போட்டுவிடலாம் என்று என் கணவர் சொன்னார். போட்டார்கள். அதோடு எல்லாம் சரியாயிற்று என்று எல்லாரும் வீட்டுக்குப் போனோம்.

சென்ற கார்த்திகையில் மேற்கு மலையில் பெய்த மழை எங்கள் ஏரிக்கு வந்தது. நீர் கரையின் தோளைத் தொட்டவுடன் என் கணவர் கோட்டத்து அதிகாரிக்கு ஆள் விட்டார். ஓலை எழுதியவள் நான். முத்திரை உடைந்தால் அறிவிக்கும் அதிகாரம் தமக்கு உண்டு என்றும், உடைக்கச் சொல்லும் அதிகாரம் தமக்கு இல்லை என்றும், ஓலையைத் தலைநகருக்கு அனுப்பியிருப்பதாகவும் அவர் மறுமொழி தந்தார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அளிக்கப்பட்ட அதிகாரம் அவ்வளவே.

அம்மறுமொழி வந்த அன்று காலையில் எழுந்த காற்று மதகுக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. மழை நேராகக் களிமண்ணின்மேல் விழத் தொடங்கியது. அப்போது ஊர் செய்ததை எழுதுகிறேன். எங்களைப் போன்றவர்கள் மட்டுமே செய்யக்கூடியது அது. ஏரி நிரம்பிக்கொண்டிருக்க, நாங்கள் பனையோலைக் குடை எடுத்துக்கொண்டு ஓடி, முத்திரைக்குக் குடை பிடித்தோம்.

முறை வைத்துப் பிடித்தோம், அரசே. என் மகள் பொன்னியாள் முதலில் பிடித்தாள். நல்லான் கரையில் நின்றபடி, “நல்லாச் சாச்சுப் பிடி பொன்னி, ராசாவோட மண்ணுக்குச் சளி பிடிச்சிறப் போவுது” என்றார். “உம்ம தலைக்குப் பிடிக்கிறதுக்கு இது எவ்வளவோ தேவலை மாமா, இது பேசாம இருக்கு” என்றாள் அவள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கொல்லர் இரும்பொறை சம்மட்டியோடு வந்தார். “தள்ளுங்க. ஒரே போடு. எங்கையைத்தானே வெட்டுவாங்க, வெட்டிக்கட்டும்” என்றார். என் கணவர் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார். “உங்கையோட போச்சுன்னா நானே சம்மட்டியை எடுத்துக் குடுப்பேன். அடுத்த வருசம் தண்ணி இல்லன்னா கடைமடைக்காரன் எங்க போவான்? தலைநகர்லேருந்து ஆள் வந்துருவான். கொஞ்சம் பொறு” என்றார். கடைமடையார் அங்கேயே நின்றிருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துக் கொல்லர் சம்மட்டியைக் கீழே வைத்தார். பிறகு தம் முறை வந்தபோது அவரும் குடை பிடித்தார்.

நண்பகலில் தென்வளைவில் கரை இறங்குகிறது என்று கூக்குரல் எழுந்தது. வைக்கோலும் மண்கூடையுமாக எல்லாரும் தெற்கே ஓடினார்கள். அப்போது குடை மறுபடியும் பொன்னியாள் கையில் இருந்தது. “அம்மா, நீ பிடி. உன்னால மண்ணு தூக்க முடியாது” என்று சொல்லி என் கையில் கொடுத்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தந்தையின் பின்னே ஓடினாள்.

நான் பிடித்தேன்.

கரை உடைந்த ஓசை நான் எண்ணியிருந்ததைப்போல் இல்லை. பெரிய மாடு ஒன்று பெருமூச்சு விட்டதுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தபோது தென்வளைவும் இல்லை, அதன்மேல் நின்றவர்களும் இல்லை. ஏரி ஊருக்குள் போய்க்கொண்டிருந்தது. கல்லால் கட்டிய மதகு மட்டும் நின்றது. அதன்மேல் நான் நின்றேன். என் கை குடையை விடவில்லை. வேண்டுமென்று பிடித்திருக்கவில்லை, விட வேண்டும் என்று கைக்குத் தெரியவில்லை. மறுநாள் நீந்தி வந்து என்னை இறக்கியவர்கள் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். ஆகவே, சிதையாத முத்திரையைப் பற்றித் தங்கள் அவை வியந்ததற்கு விடை இதுதான். அது சிதையாமல் இருந்தது என் கையால். அந்தக் கையால்தான் இதையும் எழுதுகிறேன். இதைப் புகழாகவும் பழியாகவும் எழுதவில்லை. நடந்தது இது.

என் கணவரை வேலங்காட்டருகே கண்டெடுத்தோம். பொன்னியாள் கிடைக்கவில்லை. நாங்கள் தேடிக்கொண்டிருந்தபோது தலைநகர் ஓலை வந்தது. ஊர்நலம் கருதிப் பெருமதகைத் திறக்க அரசர் இசைந்தருளினார் என்று அழகிய எழுத்தில் இருந்தது. வாசிக்க என்னை விட்டால் ஆளில்லை. சேற்றில் நின்றவர்களுக்கு நான் உரக்க வாசித்தேன். கொல்லரின் மனைவி, “இப்ப எதைத் தொறக்கணுமாம்?” என்று கேட்டாள். அவள் அறியாமல்தான் கேட்டாள்.

இனி, இன்றைய காரியம். புதிய கரையை நாங்களே கட்டினோம். மதகின் அருகே கல் ஒன்று நட்டு அதில் கோடு கீறியிருக்கிறோம். ஐப்பசி பிறந்தது முதல் மழை நிற்கவில்லை. முத்திரையாளர் களிமண்ணைப் பிசைந்து வைத்துக்கொண்டு மதகடியில் காத்திருக்கிறார். நல்ல மனிதர். எங்களோடு கூழ் குடித்தார். நடந்ததை முழுதும் கேட்டார். பிறகு என்னிடம் வந்து, “தாயே, நான் என்ன செய்யட்டும்? ஒட்டிட்டு வான்னு அனுப்பினாங்க. ஒட்டாமப் போனா என் வேலையும் போவும், தலையும் போவும்” என்றார். “ஒட்டினா இந்த ஊர் போவும்யா” என்றார் நல்லான்.

சபை கூடி முடிவு செய்தது இது. வயலுக்கு நீர் விடும் சிறுமதகுகளுக்கு முத்திரை இருக்கட்டும். அது ஏழைக்கு அரண். அதை நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. பெருமதகுக்கு முத்திரை இல்லை. நீர் கல்லின் கோட்டைத் தொட்டால், கரையில் நிற்கும் வாரியத்தார் யாரையும் கேளாமல் திறப்பர். திறந்தபின் சபைக்கும் கோட்டத்துக்கும் அறிவிப்பர். காரணமின்றித் திறந்தவரைச் சபையே விசாரிக்கும். அதன் தீர்ப்பைத் தாங்கள் மாற்றலாம். தங்கள் நாட்டில் ஏரி உள்ள ஊர் ஒவ்வொன்றிலும் இப்படியே செய்ய ஆணை பிறப்பிக்க வேண்டுகிறோம். வெண்கோட்டையில் இருந்துகொண்டு எங்கள் நீர் எவ்வளவு ஏறியது என்று தங்களால் காண முடியாது. அது தங்கள் குறை அன்று, தொலைவின் குறை. காண்பவர் கையில் திறவுகோல் இருக்கட்டும் என்பதே எங்கள் விண்ணப்பம்.

ஊருக்குத் தந்தருளிய பெயரையும் பரிவட்டத்தையும் ஏற்கும் நிலையில் நாங்கள் இல்லை. பரிவட்டத்தைக் கட்டிக்கொள்ளத் தகுந்த தலைகள் எங்களிடம் இல்லை. இதனோடு திருப்பி அனுப்புகிறோம்.

இவ்வளவில் ஓலையை முடித்து, ஊரோலைகளுக்குரிய முறைப்படி ‘தங்கள் ஆணையை எதிர்நோக்கியிருக்கிறோம்’ என்று எழுதியிருப்பேன். எழுத்தாணியை வைக்குமுன்பே கரையிலிருந்து கொம்பு ஊதினார்கள். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். நீர் கோட்டைத் தொட்டுவிட்டது.

மதகைத் திறந்துவிட்டோம்.

முத்திரையாளர் எயினங்கோ முறைப்படி மறுத்துரைத்தார். சபை முழுதும் கேட்க, உரக்க மறுத்துரைத்தார். அவரை மீறியே திறந்தோம். அவர்மேல் பிழை கொள்ளற்க. தண்டம் உண்டாயின் சபைக்கே உரியது.

இதன் படியெடுத்த ஓலை, பறையோடு ஆற்றின் கீழுள்ள ஊர்களுக்கும் செல்கிறது. அவ்வூரார்க்குப் பெருவாயூர்ச் சபையின் ஆணை: நீர் வருகிறது. துறையில் நிற்காதீர். கன்று காலிகளை மேட்டில் ஏற்றுக. நடக்க முடியாதவரை முதலில் தூக்குக. மேலிடத்து ஓலைக்குக் காத்திராதீர்.

ஊர் முத்திரை வெள்ளத்தில் போனமையால், எஞ்சியோர் யாவரும் ஈரமண் தொட்டு விரல் பதித்திருக்கிறோம். இப்படி எழுதினேன், பெருவாயூர்ச் சேந்தி. இவை என் எழுத்து.

அரசே, இதற்கு மறுவோலை வந்து சேரும்போது நீர் வடிந்திருக்கும். தண்டிக்க வருவோர் அப்போது வரலாம். ஊரில் ஆட்கள் இருப்போம்.