படப்பைக்கு மேலே இரண்டாயிரத்து நானூறு அடி

ஜன. 5, திங்கள்

பனி. எட்டு மணி வரை ஏரிக்கரை தெரியவில்லை. பள்ளி திறப்பு. ஆய்வகத்தில் எலி, லிட்மஸ் தாள் ஒரு பெட்டி போச்சு. காற்றழுத்தம் காட்டும் பாரமானியில் பாதரசம் நன்றாக ஏறியிருக்கிறது. கா. 10, பதிவேட்டில் எழுதினேன். பதினேழு வருடமாக எழுதுகிறேன், ஒரு ஹெட்மாஸ்டரும் பார்த்ததில்லை.

செய்ய:
– ப்யூரெட் 6, கசிவு
– மண்ணெண்ணெய்
– அக்கா

புது நோட்டு, ஆகவே ஒரு தடவை எழுதி வைக்கிறேன். மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பெட்டி. மாடியில் ஏரியல். விமானம் அனுப்பும் எண்களைப் பிடித்து எது, எங்கே, எத்தனை அடி உயரம் என்று கம்ப்யூட்டரில் காட்டும். சென்னையில் இறங்குபவை படப்பைக்கு மேலே கொஞ்ச தூரம் மட்டமாக வரும். தினமும் காலை பத்துக்கு மனைவி ஸ்டெல்லா பார்த்துக் குறிப்பாள். (முணுமுணுத்துக்கொண்டேதான்.) நவம்பர் மழையில் 2725. இன்று 2400.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? டிசம்பரில் டீக்கடையில், "பிளேன் வரவரத் தாழ வருது" என்றேன். நாலே நாளில் அது, "இந்தப் பக்கம் ஏர்போர்ட் வருது, லேப் சாரே மிஷின்ல பாத்துட்டாரு" ஆகிவிட்டது. புரோக்கர் துரைக்கண்ணு அக்காவைப் பிடித்துக்கொண்டான். "கவர்மென்ட் எடுத்துக்கினா ஒண்ணும் தேறாது, எனுக்கே குத்துடு."

அக்காவின் ஏழு சென்ட் மனை. சித்தாள் வேலை பார்த்து வாங்கியது. எங்கள் வகையறாவில் யார் பெயரிலும் வந்த முதல் பட்டா. என் பேச்சை நம்பிக் கொடுக்கப் போகிறாள்.

ஜன. 7

செய்முறைத் தேர்வுக்கு உப்புப் பொட்டலம் கட்டும் வேலை. ஆய்வகப் பதிவேட்டையும் ஸ்டெல்லாவின் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சும்மாதான்.

நவம்பரிலிருந்து பாதரசம் ஒன்பது மி.மீ. ஏற்றம். விமானம் முந்நூறு அடிக்கு மேல் இறக்கம். பாதரசம் ஏறிய நாளெல்லாம் விமானம் இறங்கியிருக்கிறது.

பெட்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. விமானம் உயரத்தைக் காற்றழுத்தத்தை வைத்துத்தான் சொல்கிறது. விமானி அன்றைய அழுத்தத்துக்குத் தன் கருவியைத் திருத்திக்கொள்வார். பெட்டிக்கு வருவது திருத்தாத எண். எந்நாளும் கடல்மட்டத்தில் 760 மி.மீ. என்றே வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. மழைக்காலத்தில் அழுத்தம் குறைவு, எண் கூடுதல். பனிக்காலத்தில் நேர்மாறு.

விமானம் இறங்கவே இல்லை. சாப்பிடவில்லை.

ஜன. 8

ஸ்டெல்லாவோடு அக்கா வீடு.

"அக்கா, நான் சொன்னது தப்பு. எல்லாம் பிரஷர் பண்ண வேலை."

முறத்தைக் கீழே வைத்தாள். "பிரஷரா? ஒனுக்கா? எப்பத்துலேர்ந்துடா?"

"எனுக்கில்ல. காத்துக்கு."

"காத்துக்கு எங்கடா பிரஷர் வரும்! ஸ்டெல்லா, இவனுக்கு உப்பக் கொறைம்மா."

ஸ்டெல்லாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எனக்குத்தான் எரிச்சல்.

ஜன. 11, ஞாயிறு

கோயிலில் பாதிரியார் உட்பட நாலு பேர் உடம்பை விசாரித்தார்கள். வீட்டில் மூன்றாம் நாளாக உப்பில்லாத ரசம்.

துரைக்கண்ணு வாசலிலேயே பிடித்தான். "சார், பிரஷர் வந்தா மனசு கொயம்பும். ரெஸ்ட் எடு. அக்கா விஷயத்த நான் பாத்துக்கறேன்." போன மாதம் நான் சயின்டிஸ்ட். இப்போது நோயாளி.

பத்திரப்பதிவு 19-ம் தேதி. அக்கா ஞாயிறு தவறாமல் ஆராதனைக்கு வருகிறவள், ஆனாலும் மார்கழியில் கையெழுத்து போடமாட்டாள். "தை பொறக்கட்டும்." இந்தப் பிடிவாதத்துக்காக எத்தனை தடவை கிண்டல் செய்திருக்கிறேன்! ஆண்டவரே, மார்கழிக்கு ஸ்தோத்திரம்.

ஜன. 12

ஒன்று பிடிபட்டது. மாலை 4-க்குப் பாரமானி: காலையைவிட இரண்டரை மி.மீ. கீழே. ஸ்டெல்லாவையும் நாலு மணிக்குப் பார்க்கச் சொல்லியிருந்தேன்: 2500. காலையில் 2400. பாடப்புத்தகத்தில் இருக்கிறதாம், நம் பக்கம் அழுத்தம் தினமும் காலை பத்துக்கு ஏறும், மாலை நாலுக்கு இறங்கும் என்று. காலையில் மட்டும் பதிவேடு எழுதுகிறவன் எங்கே காண்பது.

ஜன. 16, காணும் பொங்கல்

அக்கா வந்தாள், கரும்போடு. கரண்ட் இருந்தது, நல்லவேளை.

கா. 10: 2400. அவள் கையாலேயே எழுதவைத்தேன். பிரஷர் என்ற வார்த்தையை வாயிலேயே எடுக்கவில்லை. அவளுடைய கட்டட வேலையிலிருந்தே கேட்டேன்.

"தண்ணி டியூப் வச்சி மட்டம் எப்படிக்கா புடிக்கிறீங்க?"

"செவுத்துல ஒரு கோடு போடுவோம். அத்த வச்சிதான் எல்லாம்."

"கோடு நவுந்துட்டா?"

"எல்லாமே தப்பா காட்டும்."

"பொட்டிக்குக் காத்துதான் கோடு."

கரும்பைக் கடித்தபடி யோசித்தாள். "அப்ப பிளேன் எறங்கல. கோடுதான் நவுந்துக்கினு கீது."

ஒன்றரை மாதமாக எனக்கு உறைக்காதது. ஒரு துண்டுக் கரும்பு நேரம் அவளுக்கு.

மா. 4: 2500. அடுத்த விமானம் 2500. அதற்கடுத்ததும். அக்கா காலையில் எழுதியதைத் தேடி எடுத்துப் பார்த்தாள். பிறகு பிடித்தாளே ஒரு பிடி! "ஒன்ன நம்பி கையெழுத்து போட இருந்தேனேடா பாவி!" அழுதுவிட்டேன். திட்டியதற்காக இல்லை. நேரத்தோடு திட்டினாளே என்று.

ஜன. 17

டீக்கடை. எல்லோரும் கேட்க, "நான் சொன்னது தப்பு" என்றேன். ஏர்போர்ட் வருமா வராதா, தெரியாது; என் எண் அதற்குச் சாட்சி இல்லை. அவசரத்தில் டீ சிந்தியது. "பாவம், பிரஷர்" என்றார் ஒருவர். இருக்கட்டும்.

ஜன. 19, திங்கள்

அரை நாள் லீவு. பனி குறைவு. துரைக்கண்ணு ஆட்டோவோடு அக்கா மனைக்கே வந்துவிட்டான். அக்கா வேலைச் சேலையில், கையில் கயிறும் முளைக்குச்சிகளும்.

"இன்னாம்மா, வாக்கு குத்துட்டு இப்பிடி பண்ற? ஏர்போர்ட் வந்தா அழுவ."

"காலைல வருது நைனா, சாயங்காலம் திரும்பிப் போயிடுது. ஒரு எடமா நின்னா சொல்லி அனுப்பு."

ஆட்டோ போகும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். என் பக்கம் கயிற்றின் நுனியை வீசினாள்.

"இன்னா பாத்துக்கினு நிக்கிற? வூட்டுக் கடைக்காலுக்குக் கோடு போடணும். நேரா புடி."

பிடித்தேன்.