பாதியான எண்

மார்ச் 3, செவ்வாய்

வேகச் சோதனை முடிவு வந்தது. எங்கள் தரவுத்தளத்தின் பழைய பதிப்பு நொடிக்குத் தொண்ணூற்றெட்டாயிரம் வேலைகள் முடித்தது. புதியது நாற்பத்தொன்பதாயிரம். சரிபாதி! புதியதில் மாறியது நான் எழுதிய பகுதி மட்டும்தான். சோதனைப் பிரிவு டார்சி எல்லார் முன்னாலும், "ரெண்டு வருஷமா ஆமை வளத்திருக்கியே, இங்க்ரிட்!" என்றான். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

மார்ச் 4

குழுத் தலைவி லொரெய்ன் கூப்பிட்டாள். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாரு. காரணம் தெரியலன்னா உன் பகுதிய எடுத்துட்டுதான் வெளியிடணும். மனசுல வெச்சுக்காத."

வெச்சுக்காம இருக்க முடியுமா? ரெண்டு வருஷம்!

மார்ச் 5

டெர்வென்ட் ஆற்றங்கரையில் சிப்பிக்கறி அடைத்த அப்பம் தின்றுகொண்டிருந்தபோது தோன்றியது: பழைய பதிப்பின் எண் எப்போது எடுத்தது? டிசம்பரில். அதற்குப் பிறகு சோதனைக் கணினியில் இயங்குதளத்தைப் புதுப்பித்திருக்கிறார்கள். அப்பத்தைப் பாதியில் விட்டு ஓடினேன். பழைய பதிப்பை அதே கணினியில் ஓட்டினேன் — ஐம்பதாயிரம்! என் பகுதியே இல்லாமல்!

எந்த வேலை எப்போது ஓடலாம் என்று முறை வைப்பது இயங்குதளம். அந்த முறை மாறியிருக்கிறது. ஒரே தரவை இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் மாற்றிவிடாமலிருக்க எங்கள் நிரலில் ஒரு பூட்டு உண்டு. அந்தப் பூட்டைக் கையில் வைத்திருக்கும் வேலையை இயங்குதளம் நடுவில் நிறுத்திவிட்டு, அதே பூட்டுக்குக் காத்திருப்பவற்றை ஓட விடுகிறது. கழிப்பறைச் சாவி வைத்திருப்பவரைத் தூங்க வைத்துவிட்டு வரிசையில் நிற்பவர்களை 'வா, வா' என்பதுபோல.

மார்ச் 6

பழைய இயங்குதளத்தில் என் பதிப்பு: ஒரு லட்சத்து இருபதாயிரம். காட்டினேன். டார்சி தலையைச் சொறிந்தான். "அந்த அப்டேட்ட போட்டது நான்தான்."

லொரெய்ன் மட்டும் விடவில்லை. "வாங்கறவங்களும் புதுசுலதான ஓட்டுவாங்க? அங்க படுத்துச்சுன்னா நம்மளத்தான திட்டுவாங்க?"

நியாயம்தான். என் பகுதியும் அந்தப் பூட்டை நம்பித்தானே இருந்தது? இரண்டு வாரம் கேட்டேன். கொடுத்தாள்.

மார்ச் 17

எல்லா வேலைகளும் ஒன்றுக்கே காத்திருக்காதபடி, பெரிய பூட்டை அறுபத்துநான்கு சின்னப் பூட்டுகளாக உடைத்தாயிற்று. புது இயங்குதளத்திலேயே ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். நான் செய்தது. நானேதான்.

ஏப்ரல் 2

பதிப்பு வெளியாகிவிட்டது. மெல்போர்ன் மாநாட்டில் இதைப் பற்றி யார் பேசுவது என்று லொரெய்ன் கேட்டாள். நான் வாயைத் திறக்குமுன் டார்சி, "வேற யாரு? இங்க்ரிட்தான். என் பேரையும் ஒரு ஓரமா போடச் சொல்லுங்க, சொல்லாம அப்டேட் போட்டவன்னு" என்றான்.

விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன். பேசுபவர் என்ற இடத்தில் என் பெயரை முழுதாக எழுதினேன்.