தூக்கித் திறக்கிற கதவு

சித்திரை கடைசி ஞாயிறு, இரவு. கொத்தமங்கலம்.

நாளைக் காலை ஈரோட்டுக்கே திரும்புகிறேன். இங்கே கல்லூரியில் ஒரு வருட வேலை முடிந்தது. பெட்டி கட்டியாயிற்று. அழுகை வராது என்று தெரியும், வரவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கார ஆச்சி ஒரு நர்ஸ் பெண்ணைக் கூட்டிவந்தார். எனக்கு அடுத்து இந்த அறைக்குக் குடிவரப் போகிறவள். அவள் சாவியைப் போட்டுத் திருகித் திருகிப் பார்த்தாள். கதவு அசையவில்லை. நான் பிடியைச் சற்றே தூக்கி, முழங்காலால் ஒரு தட்டுத் தட்டினேன். திறந்துகொண்டது.

"பாத்தீகளா, இவுக கை பட்டாத்தேன் திறக்கும். நானே இவுகளைத்தேன் கூப்பிடுவேன்" என்றார் ஆச்சி.

பெருமை தாங்கவில்லை எனக்கு.

"எப்படிக்கா? இன்னொரு தடவை செய்ங்க" என்றாள் அந்தப் பெண். சொல்லிக் கொடுத்தேன். மூன்றாவது தடவை அவளே திறந்துவிட்டாள். எனக்கு இரண்டு மாதம் பிடித்த வித்தை! பொறாமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

"இனி நீங்க நிம்மதியாப் போகலாம்க்கா" என்று வேறு சொன்னாள்.

போகத்தான் போகிறேன். அங்கே நல்ல வேலை இருக்கிறது, எனக்கொன்றும் கவலையில்லை. ஆனால் ஆச்சி சாவியை இன்றே கொடுக்கச் சொன்னபோது மாட்டேன் என்றுவிட்டேன். உள்ளே தாழ் போட்டிருக்கிறேன். காலையில் யாராக இருந்தாலும் தட்டித்தான் வர வேண்டும்.