பாசி பிடித்த தொட்டி

லோயர் கேம்ப் மலை,
18.4.2004

ஆத்தாவுக்கு, மகன் ஈஸ்வரபாண்டி கும்பிட்டு எழுதுறது. இங்கன நான் சுகம். உனக்கு முட்டுவலி தேவலையா? தங்கச்சி கயல் வாசிக்கும்போது ஒரு வரியும் விடக்கூடாதுன்னு சொல்லு.

காட்டுல மிருகங்க குடிக்கிற சிமெண்டுத் தொட்டியப் பாத்துக்கிறதுதான் என் வேல. இந்த வெயிலுக்கு ஒரே வாரத்துல பாசி கட்டி, தண்ணி நாறிப்போகுது. நிழலுக்குக் கூரை போடச் சொல்லி மூணு தடவ கேட்டுட்டேன். எங்க ஃபாரஸ்ட் கார்டு வந்து பாத்தாக.

"திராட்சைக்கு அடிக்கிற மயில்துத்தத்தக் கரைச்சு ஊத்துப்பா, பாசி செத்துரும்."

"குடிக்கிற தண்ணியில விஷத்தையாங்கய்யா ஊத்துறது?"

"அப்ப நீயே கழுவு"ன்னு போயிட்டாக.

தண்ணியத் திறந்துவிட்டு, தேங்கா நாரால தேச்சேன். வழுக்கி விழுந்து முழங்கையில லேசான சிராய்ப்பு, பயப்படாத. மறுநாள் வரவேண்டிய தண்ணி லாரி அஞ்சு நாளா வரல. ஒரு மிளா மான் தன் குட்டியோட தினமும் வந்து, காஞ்ச தொட்டிய நக்கிட்டுப் போச்சு. நான் குடிக்க வச்சிருந்த குடத்தையும் ஊத்தினேன், பத்தல. பாசித் தண்ணியாவது இருந்திருக்கும், அதையும் கெடுத்துட்டேனேன்னு எம்மேலயே ஆத்திரமா வருது.

இன்னைக்குத்தான் லாரி வந்துச்சு. தழை வெட்டி நிழல் கட்டிட்டேன்.

எலுமிச்ச ஊறுகாயும் உன் பழைய சேல ஒண்ணும் குடுத்துவிடு. பதில நாலு பக்கம் எழுதச் சொல்லு. இங்கன பேச ஆளில்ல. டிரைவர் ஹாரன் அடிக்கிறாரு, இதை அவர்கிட்டதான் குடுக்கணும்.

தொட்டி நெறையத் தண்ணி கெடக்கு ஆத்தா. நேத்துலருந்து அந்த மிளாவத்தான் காணோம்.

ஈஸ்வரபாண்டி