மருதாணி வேலியில் ஒரு சந்து

திருப்பரங்குன்றம்,
வைகாசி 13, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகன் அசோக்குமாருக்கு,

நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கேட்டுவிட்டேன். என் நலத்தைப் பற்றிக் கீழே வருகிறது, பொறுமையாகப் படி.

ஐந்து நாளாக வாசல் கேமராவில் ஒரே இருட்டாகத் தெரிகிறது, ஆள் அனுப்பிப் பார்க்கச் சொல்லவா என்று மெசேஜ் போட்டிருந்தாய். ஆள் வேண்டாம். கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் தலையில் தலையணை உறையை மாட்டிச் சணலால் கட்டியது நான்தான். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் நீ "சரிம்மா, டென்ஷன் ஆகாத" என்பாய். நானும் வைத்துவிடுவேன். தபால் ஆபீசில் முப்பத்தொரு வருடம் ஊராரின் கடிதங்களை அடுக்கி அனுப்பியவள் நான். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

உன் சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு உசிலம்பட்டி போய் இரண்டு நாள் தங்கிவிட்டு, செவ்வாய்க்கிழமை பதினொரு மணி வெயிலில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்தேன். நம் வீட்டைத் தாண்டிப் போய்விட்டேன். சிரிக்காதே. இடது கைப் பக்கம் நெஞ்சு உயரத்துக்கு மருதாணி வேலி வந்தால் நம் வீடு என்பது என் காலுக்குப் பழகிய கணக்கு. வேலியைக் காணோம். திரும்பி வந்து பார்த்தால் கணுக்கால் உயரத்துக்குக் குச்சி குச்சியாக நிற்கிறது. வெட்டிப்போட்ட கிளைகள் தெருவில் மலையாகக் கிடந்து வாடுகின்றன. பக்கத்து வீட்டை ஒட்டிய வேலியில் சந்து இருந்த இடத்தில் இரண்டு கல்தூண் நட்டு, பேயாண்டி என்ற வேலையாள் முள்கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். உன் மாமன், என் கூடப்பிறந்த தம்பி அழகுபாண்டி, நம் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

யாரைக் கேட்டு வெட்டினாய் என்றேன். "மாப்ளதான்க்கா போன்ல சொன்னாப்ல. செடி மறைக்குதாம், கேமராவுல ஒண்ணுமே தெரியலையாம். நீ இருந்தா விடமாட்டேன்னுதான் இல்லாதப்ப முடிச்சிரச் சொன்னாப்ல" என்றான். நான் இல்லாத நாள் பார்த்து! என் வீட்டில், நான் நட்ட செடியை!

அசோக், கவாத்து என்றால் என்னவென்று உனக்குத் தெரியாது. நான் சொல்லித்தரவும் இல்லை, அது என் தவறு. கத்திரி வெயில் முடியாமல் எவனும் செடியை மொட்டையடிக்க மாட்டான். மழைக்குப் பிறகு, கணுவுக்கு மேலே சாய்வாக, உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் வெட்ட வேண்டும். மேல்பக்கம் ஒடுங்கி அடிப்பக்கம் அகன்று இருந்தால்தான் அடி இலைக்கும் வெயில் படும். உன் ஆட்கள் மிஷினை வைத்து முற்றின தண்டு வரைக்கும் சீவியிருக்கிறார்கள். தண்டெல்லாம் நார் நாராகப் பிளந்து கிடக்கிறது. பேயாண்டியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். "நான் அப்பவே சொன்னேம்மா, பாதியா வெட்டுவோம், இந்த வெயிலுக்குத் தாங்காதுன்னு. அவுகதான் கேக்கல" என்றார். குப்பைக்குள் ஒரு கொண்டைக்குருவிக் கூடு கிடந்தது. முட்டை இரண்டும் உடைந்திருந்தன. நீ இருக்கிற அயர்லாந்தில் குஞ்சு பொரிக்கிற மாதங்களில் ரோட்டோர வேலிகளை வெட்டக் கூடாது என்று சட்டமே இருப்பதாக நீதானே பெருமையாகச் சொன்னாய்? அங்கே குருவிக்கு இருக்கிற மரியாதை இங்கே உன் அம்மாவுக்கு இல்லை.

செடியோடு போயிருந்தால் இரண்டு நாள் கத்திவிட்டு விட்டிருப்பேன். மருதாணி எப்படியும் தழைத்துவிடும். முள்கம்பி எதற்கு என்று கேட்டேன். அழகுபாண்டி குரலைத் தாழ்த்திக்கொண்டான். "யாரு வாரா, யாரு போறான்னு ஒரு இது வேணாமாக்கா? கண்ட ஆளுகளும் அடுப்படி வரைக்கும் வந்துட்டுப் போறாகளாம்ல. மாப்ள கேமராவுல பாத்துட்டு எம்புட்டு வருத்தப்பட்டாப்ல தெரியுமா?"

கண்ட ஆள் என்றால் யாருடா என்றேன். தரையைப் பார்த்தான். சொல்லுடா என்றேன். டீ டம்ளரை நாற்காலிக்கு அடியில் வைத்தான். உனக்காவது சொல்ல வாய் வருகிறதா பார்.

பக்கத்து மனையை வாங்கி சரண்யாதேவி வீடு கட்டி வந்து ஆறு வருடம் ஆகிறது. கவர்ன்மெண்ட் ஸ்கூல் டீச்சர். வந்த புதிதில் இதே அழகுபாண்டி "நம்ம ஆளுகளாக்கா?" என்று கேட்டான். இல்லை என்றேன். அந்த முதல் வருடம் நானும் ஒன்றும் யோக்கியமாக இருந்துவிடவில்லை. குழம்பு கொடுத்தாலும் வேலிக்கு மேலேதான் நீட்டினேன். அவள் கொடுத்ததையும் வேலிக்கு மேலேதான் வாங்கினேன். இருவருமே சிரித்துக்கொள்வோம். யாரும் யார் வீட்டுக்குள்ளும் வரவேண்டியதில்லை. எழுதவே கை கூசுகிறது.

உன் அப்பா படுக்கையில் விழுந்த கடைசி மூன்று மாதம் அவரைப் புரட்டிப்போட என் ஒருத்தியின் பலம் போதாமல் இருந்தது. அழகுபாண்டி வாரம் ஒருமுறை வந்து ஆரஞ்சுப்பழம் வைத்துவிட்டுப் போவான். சரண்யாதான் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தெருவைச் சுற்றி, கேட் வழியாக வந்து கை கொடுத்தாள். நான் கூப்பிடவில்லை. ஐப்பசி மழையில் சேலை முழுக்க நனைந்து வாசலில் நின்றாள் ஒரு நாள். மறுநாள் காலையில் நான் செடி வெட்டுகிற கத்தரியை எடுத்தேன். ஒரேயடியாக வெட்டினால் வேலி சாய்ந்துவிடும் என்று தினம் இரண்டு கிளையாக, பத்து நாள் வெட்டினேன். ஒரு ஆள் தோளைச் சாய்த்து நுழைகிற அளவு சந்து. உன் மாமன் அடைக்க வந்தது அதைத்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. உன்னிடம் மறைத்தேன். பங்குனியில் என் வலது கையில் கட்டுப் போட்டிருந்ததை வீடியோவில் பார்த்து என்னம்மா என்று கேட்டாய். சுளுக்கு என்றேன். அது சுளுக்கு இல்லை. காலை ஆறு மணிக்குப் பின்பக்கம் துவைக்கிற கல்லடியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. இடுப்பிலும் அடி. எழ முடியவில்லை. போன் உள்ளே இருந்தது. எவ்வளவு நேரம் கத்தினேன் என்று தெரியாது. சரண்யா அந்தச் சந்து வழியாகத்தான் ஓடி வந்தாள். "அம்மா, அசையாதீங்க, நான் இருக்கேன்ல" என்று சொல்லி, ஆட்டோ பிடித்து, அன்று பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டு, என்னோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள். என்ன உறவு என்று நர்ஸ் கேட்டபோது மகள் என்று எழுதச் சொன்னது நான்.

உன் கேமரா அன்றைக்கும் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. மதியம் நீ போன் செய்து, "ஏம்மா, இன்னிக்குக் கோலம் போடல?" என்று கேட்டாய். தூங்கிவிட்டேன் என்றேன். நீ அங்கே தனியாகப் பயந்துகொண்டிருக்கக் கூடாது என்றுதான் மறைத்தேன். இப்போது தோன்றுகிறது, மறைத்திருக்கக் கூடாது. யார் வந்தார்கள் என்று அன்றே உனக்குத் தெரிந்திருக்கும்.

கம்பியைக் கழற்றுங்கள் என்று பேயாண்டியிடம் சொன்னேன். அவர் அழகுபாண்டி முகத்தைப் பார்த்தார். நான் போய்க் கையால் இழுத்தேன், உள்ளங்கையில் கிழித்தது. உடனே அவரே வந்து, "விடுங்கம்மா, நான் கழட்டுறேன்" என்று கம்பியைச் சுருட்டினார். கல்தூண் இரண்டையும் பிடுங்கிக் குழியை மூடினார். அழகுபாண்டி, "அப்ப மாப்ளகிட்ட நீயே பேசிக்க, நான் இனி இந்தப் பக்கம் வாரதா இல்ல" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனான். போகட்டும்.

சாயங்காலம் சரண்யா வீட்டுக்குப் போனேன். தெருவைச் சுற்றி அவள் கேட் வழியாகவே போனேன். வாங்கம்மா என்றாள், உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். கிழிந்த என் கையைப் பார்த்து மருந்து போட்டுவிட்டாள். வேலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. காலையில் கம்பி சுற்றும்போது அவள் ஜன்னலில் நின்றதைப் பேயாண்டி சொல்லியிருந்தார். நான்தான் தாங்காமல், தம்பி ஏதோ தெரியாமல் செய்துவிட்டான் என்று தொடங்கினேன். "பரவால்லம்மா" என்றாள். "நாங்க பாக்காததா?"

கோபப்பட்டிருந்தால் தேவலை. அந்த ஒரு வார்த்தையோடு எழுந்து வந்தேன். ஐந்து நாளாக அவள் இந்தப் பக்கம் வரவில்லை. வேலிதான் இல்லையே, எங்கே வேண்டுமானாலும் தாண்டி வரலாம். வரவில்லை. தெருவில் பார்த்தால் சிரிக்கிறாள், முதல் வருடம் வேலிக்கு மேலே சிரித்த அதே சிரிப்பு.

செடிக்கு என்னால் ஆனதைச் செய்கிறேன். பிளந்த நுனிகளைச் சீராக வெட்டி, வெட்டுவாயில் சாணியைக் குழைத்துப் பூசியிருக்கிறேன். இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றி, தென்னங்கீற்றைச் சாய்த்து நிழல் கட்டியிருக்கிறேன். தெருப் பக்கத்து ஏழு தூரில் இன்று காலை பச்சை முளை தெரிந்தது. மற்றவை என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. அந்தச் சந்தில் மட்டும் எது முளைத்தாலும் கிள்ளிவிடுவேன்.

நீ பயந்துதான் இதைச் செய்தாய் என்று எனக்குத் தெரியும். தனியாக இருக்கிற அம்மாவைப் பற்றிய பயம். ஆனால் பயம் மட்டும்தானா என்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு உன்னையே கேட்டுப் பார். எனக்குப் பதில் எழுத வேண்டாம்.

சரண்யாவின் நம்பரை இந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அவள் ஏழு மணிக்கு மேல் சும்மாதான் இருப்பாள். மன்னிப்புக் கேட்க உனக்கு வாய் வராவிட்டால் பரவாயில்லை, எப்படி இருக்கிறீர்கள் என்று கேள். ஆனால் கூப்பிடும்போது அக்கா என்று கூப்பிடு. உன்னைவிட மூன்று வயது மூத்தவள்.

நேரத்துக்குச் சாப்பிடு. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. என் பிள்ளை நல்லவன் என்று அவளிடம்தான் நான் அதிகமாகச் சொல்லியிருக்கிறேன். ஆறு வருடமாகச் சொல்லியிருக்கிறேன், அசோக். நீ நல்லவனாகவே நீடூழி வாழ வேண்டும்.

உன் அம்மா,
சோலையம்மாள்