எதிர் அறையில் உன் நாற்காலி

அண்ணா,

சாப்பாடு அடுப்பின் மேல் மூடி இருக்கிறது, சூடாக்கிக்கொள். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

எதிர் அறைக் கூட்டத்துக்குப் போய்வந்தேன் என்று சொன்னதும், "என்னை வேவு பாக்குறியா?" என்று காலையில் கத்தினாய். இல்லை. குடியை விட நினைப்பவர்களின் கூட்டம் என் மாலை வகுப்புக்கு எதிர் அறையில்தான் நடக்கிறது. உனக்கு ஒத்துவருமா என்று போன வாரம் எட்டிப் பார்த்தேன். நான்தான் குடிக்கிறவள் என்று நினைத்து உட்காரவைத்து டீ கொடுத்துவிட்டார்கள். நானும் மறுக்காமல் டீயைக் குடித்தேன். "வந்ததே பெரிசும்மா, அடுத்த வாரமும் வந்துடு" என்றார் ஒரு பஸ் டிரைவர். பேர்கூடக் கேட்கவில்லை.

இன்றைக்கு ஆறு மணிக்கு மறுபடியும் கூட்டம். நான் செய்தது சரியா தப்பா என்று தெரியவில்லை. நீ வா.

பி.கு.: என் சாவியை மேசைமேலேயே விட்டுப் போகிறேன். கூட்டத்துக்கு வரும்போது கொண்டுவந்து கொடு.

இன்னொன்று: நீ வராவிட்டால் உன் நாற்காலியில் இன்றைக்கும் நான்தான் உட்கார வேண்டியிருக்கும்.