துணியில் வராத மஞ்சள்

காஞ்சிபுரம்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் தேவேந்திரனுக்கு அம்மா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. காமாட்சி அம்மன் புண்ணியத்தில் நீ அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம், இந்தத் தடவை அந்த வரிக்குக் கை வரவில்லை. போனில் பேசும்போதெல்லாம் சங்கரி பக்கத்திலேயே நிற்கிறாள், உன் பெண்டாட்டி காதுபட எதைச் சொல்வது. எதிர்வீட்டுக் குப்புசாமியின் மகன் லீவு முடிந்து மஸ்கட் திரும்புகிறான், அவனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படி.

குழந்தை சுகாசினியை ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம் என்பது உனக்குத் தெரியும். தையல் ஆறிவிட்டது, வயிற்றின் குறுக்கே கோடு மாதிரி தழும்பு, தூக்கும்போது கை அங்கே படாமல் பார்த்துக்கொள்கிறோம். சென்னை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா படம் போட்டே காட்டினார். ஈரலிலிருந்து பித்தநீர் இறங்குகிற குழாய் அடைந்துபோயிருக்கிறது, அதை எடுத்துவிட்டுக் குடலை மேலே கொண்டுவந்து ஈரலோடு வைத்துத் தைத்திருக்கிறார்கள். பித்தம் இறங்கினால் குழந்தை வெளிக்குப் போவது மஞ்சளாக வரும், இறங்காவிட்டால் சுண்ணாம்பாக வெளுத்தே இருக்கும், தினமும் துணியைப் பாருங்கள் என்றார். பிறந்து இரண்டு மாதத்துக்குள் வந்திருந்தால் பலன் கூடுதலாக இருந்திருக்கும், மூன்று மாதம் தாண்டி வந்திருக்கிறீர்களே என்றும் சொன்னார்.

அந்த ஒரு மாதத்துக்குத்தான் நீ போனில் சங்கரியைக் கேட்டாய், பெத்தவ கண்ணுக்குக் காமாலை தெரியலையா என்று. தேவேந்திரா, அவளுக்குத் தெரிந்தது. கண் ஏன் இப்படி இருக்குது என்று அவள்தான் முதலில் கேட்டாள். குழந்தையைக் குளிப்பாட்ட வருகிற கிருஷ்ணம்மாள் தினமும் உச்சி முதல் பாதம் வரை மஞ்சளும் பயத்தமாவும் தேய்த்துக்கொண்டிருந்தாள். மஞ்ச ஒட்டிக்கினு இருக்குதும்மா, பொட்டப்புள்ளைக்கு அதான் லட்சணம், இதுக்குப்போயி டாக்டராண்ட ஓடுவியா, உன் புருசன் கருப்பாச்சே, புள்ள மஞ்சளா இருக்குதேன்னு பயந்துட்டியா என்று கேலி பண்ணினாள், எல்லாரும் சிரித்தோம். பால் குடிக்கிற பிள்ளைக்கு வெளிக்கு வெளுத்துத்தான் போகும் என்றும் அவளே சொல்லிவிட்டாள். தடுப்பூசி போடுகிற நர்ஸ் துணியைப் பார்த்துவிட்டுப் பதறின பிறகுதான் சென்னைக்கு ஓடினோம். மஞ்சளால் இந்த நோய் வரவில்லை, வந்த நோயை அது மறைத்துவிட்டது என்று டாக்டரம்மா சொன்னார். கிருஷ்ணம்மாள் இப்போது நம் தெரு வழியாகவே போவதில்லை. அவளை வைது என்ன ஆகப்போகிறது. நீ சங்கரியைக் கேட்டது மட்டும் அவள் மனதை விட்டுப் போகவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறாள், தட்டை எடுத்துப் பார்த்தால் அப்படியே இருக்கிறது. அடுத்த தடவை போன் போட்டால் முதலில் அவள் சாப்பிட்டாளா என்று கேள்.

குழந்தை இருக்கும் அறைக்குள் நான் இப்போது மஞ்சளைக் கொண்டுபோவதில்லை. கோயில் பிரசாத மஞ்சளும் பூஜை மாடத்தோடு சரி, என் கையிலிருந்து துணியில் பட்டு ஏமாந்துவிடக் கூடாதே. அம்மனிடம் வேண்டுவதும் தலைகீழாகிவிட்டது, கண்ணில் இருக்கிற மஞ்சள் போகட்டும் தாயே, துணியில் மஞ்சள் வரட்டும் தாயே என்று.

டாக்டரம்மா கடைசியாகச் சொன்னதை உனக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை. இந்த ஆபரேஷன் பலிக்காவிட்டால் ஈரல் கெட்டுக்கொண்டே வருமாம், பெற்றவர்களில் ஒருவர் ஈரலில் கொஞ்சம் வெட்டிக் குழந்தைக்கு வைக்க வேண்டுமாம். கொடுத்தவருக்குத் திரும்ப வளர்ந்துவிடுமாம். சங்கரி அங்கேயே கையை நீட்டினாள், அவள் ரத்தம் சேராது என்று சொல்லிவிட்டார்கள். எனக்குச் சர்க்கரை, உன் அப்பாவுக்கு வயசாகிவிட்டது, எங்களை எடுக்க மாட்டார்கள். உன் ரத்த வகை சேரும், ஆனாலும் ஆள் நேரில் வந்து எல்லாப் பரிசோதனையும் பண்ண வேண்டும் என்றார். பணத்தைப் பற்றி யோசிக்காதே, அந்தக் கணக்கு என்னோடு இருக்கட்டும்.

துணியில் மஞ்சள் வருகிறதா பார்த்துவிட்டு எழுதலாம் என்றுதான் இத்தனை நாள் காத்திருந்தேன். நேற்றுக் காலை சங்கரி துணியை எடுத்துக்கொண்டு தறியில் இருந்த உன் அப்பாவிடம் ஓடினாள். மாமா, இது லேசா மஞ்சளா இருக்குதில்ல, எனக்கு மட்டும்தான் அப்படித் தெரியுதா என்று கேட்டாள். அவரைத்தான் உனக்குத் தெரியுமே, சாயத்தில் ஒரு சாயல் பிசகினாலும் பட்டைத் திருப்பி அனுப்புகிறவர், நிறத்தில் முதலாளி முகத்துக்காகவும் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னதில்லை. தறியை விட்டு எழுந்து வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம், ஆமாம்மா, மஞ்சதான், இறங்க ஆரம்பிச்சிருக்குது, நீ போய்ச் சாப்பிடு என்றார். நேற்று அவள் வயிறாரச் சாப்பிட்டாள். துணியைத் துவைக்க எடுத்தபோது நானும் வெளிச்சத்தில் பார்த்தேன். வெள்ளைதான், தேவேந்திரா.

லீவு கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லாதே, புறப்பட்டு வா. வந்ததும் அப்பாவிடம் துணியைப் பற்றி எதுவும் கேட்காதே. உனக்கும் என் பேத்திக்கும் ஏகாம்பரநாதர் துணை இருக்கட்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
தில்லையம்மாள்